கணக்கில் வராத பால்

என் மகனுடைய கல்யாணம் லால்பேட்டையில் நடந்தது. பெண், என் கூடப்பிறந்த அண்ணன் மகள். நான் ஆசைப்பட்டபடியே அமைந்த சம்பந்தம். மணப்பெண் கழுத்தில் கருகமணி கட்ட மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் வரவேண்டும் என்பது எங்கள் வழக்கம். எனக்குப் பெண் பிள்ளை இல்லை. என் நாத்தனார் மகள் எழுந்து வந்து கட்டினாள். கைக்குழந்தையாக இருந்தபோது அவள் என்னிடம் பால் குடித்தவள். ஒரு தாயிடம் பால் குடித்த பிள்ளைகள் எங்கள் மார்க்கத்தில் அண்ணன் தங்கை. குடிக்காமல் இருந்திருந்தால் அவள்தான் என் மகனுக்கு முறைப்பெண். அந்தக் கருகமணி அவள் கழுத்தில் ஏறியிருக்கும்.

கூட்டத்தில் ஒருத்தி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "ஒரு உசுரு பொழைக்கணும்னு கையில இருந்த சம்பந்தத்தையே விட்டுக்குடுத்தவங்க இவுங்க. நம்மளால முடியுமா?"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். என்னை அறிந்தவர்கள் யாரும் எனக்கு அடக்கம் உண்டு என்று சொல்லமாட்டார்கள், நானும் சொல்லிக்கொள்ளமாட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் அன்றைக்குப் புதிதாக வந்ததும் இல்லை.

எனக்கு ஓதத் தெரியும். தமிழ் எழுத்துக் கூட்டி எழுதப் பழகியது பிற்பாடுதான். மெதுவாகத்தான் வரும். அவசரப்பட்டுச் சொல்லவேண்டிய சங்கதியும் இல்லை இது.

நான் கடலூர் முதுநகருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது அறுபதுகளின் ஆரம்பத்தில். எங்கள் லால்பேட்டை ஆட்கள் கடற்கரைப் பக்கம் பெண் கொடுப்பது அப்போது அபூர்வம். என் அத்தா நெல் வியாபாரி. என் மாமியார் வீட்டுக்குத் துறைமுகத்தில் தோணிகளுக்குக் கயிறு விற்கிற கடை. வியாபாரத்தில் பழகி, மனிதர்களைப் பிடித்துப்போய் அத்தா என்னை அங்கே கொடுத்தார். நான் கொண்டுவந்த பாத்திரங்களை இறக்கி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது என்று தெருவில் பேசினார்கள். பேசட்டும் என்றுதான் நானும் இருந்தேன்.

என் மாமி நல்ல மனுஷி. ஆனால் எதையும் என்னைக் கேட்டுச் செய்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. எனக்கு முதல் பிள்ளை ஆணாகப் பிறந்தது. அவன் தவழ்கிற சமயத்தில் சிதம்பரத்தில் இருந்த என் நாத்தனார் உண்டாகியிருந்தாள். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை அவள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே மாமி பேசி முடித்துவிட்டார், "பொண்ணா பொறந்தா அது நம்ம வீட்டுக்குத்தான்" என்று. பெண்ணாகவே பிறந்தது. பெயர் வைக்கிற நாளைக்குப் புறப்பட்டபோது, என் மகன் இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாணை மாமி அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனார். சிதம்பரத்தில் அதைப் பேத்தி இடுப்பில் கட்டிவிட்டு, மகளுக்குத் துணையாக அங்கேயே தங்கிவிட்டார். என் மகன் வெறும் இடுப்போடு தவழ்ந்துகொண்டிருந்தான்.

அந்தச் சேதி தெரிந்த அன்று என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்ததும் ஆரம்பித்தேன்.

"எம் புள்ள அரைஞாண அவுக்க என்னைய ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

"எங்க உம்மா பேத்திக்குத்தான கட்டுனாங்க. இப்ப அதுக்கு என்னா?"

"எங்கண்ணனுக்கும் ஒரு மவ இருக்குறா. அவளும் முறைதான்."

"ஒனக்கு என் தங்கச்சி மவ வேணாம். அத நேரா சொல்லு."

"நான் அப்புடி சொன்னனா?"

"சொல்லல. மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்குது."

சொல்லவில்லையே தவிர, அதுதான் உண்மை. நாத்தனார் புருஷன் பினாங்கில் யாரோ ஒருவர் கடையில் சம்பளத்துக்கு இருந்தார். என் அண்ணனுக்குச் சிங்கப்பூரில் சொந்தக் கடை. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அண்ணன் மகள் மருமகளாக வந்தால் என் ஊர்ப் பேச்சும் என் சனமும் அந்த வீட்டுக்குள் வரும். நாத்தனார் மகள் வந்தால் மாமியின் சொல்தான் இன்னொரு தலைமுறைக்கும் நடக்கும். நான் அந்த வீட்டில் கடைசிவரை வந்தவளாகவே இருப்பேன். மகன் நடக்கவே ஆரம்பிக்கவில்லை. நான் அவனுக்குக் கல்யாணக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

குழந்தைக்கு ஒரு மாதம் ஆகவில்லை, சிதம்பரத்திலிருந்து ஆள் வந்தது. நாத்தனாருக்கு ஜன்னி. ஊசி போடுகிறார்கள், பால் வற்றிவிட்டது. குழந்தைக்கு ஆட்டுப்பால் ஒத்துக்கொள்ளவில்லை, பசும்பாலும் தங்கவில்லை, குடித்ததெல்லாம் கக்குகிறது. அந்தத் தெருவில் கைப்பிள்ளைக்காரி வேறு யாரும் இல்லை.

என் வீட்டுக்காரர் அப்படியே கல்லாவைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தார். "நான் பாண்டிச்சேரி போயி டின் பாலு எங்கயாவது கெடைக்குதான்னு பாக்குறேன். நீ புள்ளைய தூக்கிக்கிட்டு, சேதி கொண்டாந்த இவரோட சிதம்பரம் போ. உம்மா ஒண்டியா இருக்குறாங்க."

என்னிடம் பால் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். என் மகன் அப்போது என்னிடம்தான் குடித்துக்கொண்டிருந்தான். அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று எனக்கும் தெரியும்.

எங்கள் ஊரில் பால் விஷயத்தில் பெண்கள் அத்தனை ஜாக்கிரதை. அடுத்த வீட்டுக் குழந்தை தொண்டை கட்ட அழுதாலும் தூக்கி ஆட்டுவார்களே தவிர, மார்பில் போடமாட்டார்கள். நாளைக்கு அந்த வீட்டோடு கொடுக்கல் வாங்கல் வரலாம். என் அம்மா எனக்குத் தலைப்பிரசவம் ஆனபோதே காதில் ஓதினாள்: "யாரு புள்ளைக்கும் அவசரப்பட்டு குடுத்துடாத. ஒரு சொட்டு உள்ள போனாலும் உறவு உறவுதான். அப்பறம் கட்டிக்க முடியாது."

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மடியில் மகன் தூங்கினான். கரித்தூள் கண்ணில் விழுந்தது. ஒரு சொட்டு என்று என் அம்மா சொன்னது அங்கேதான் ஞாபகம் வந்தது. ஒரு சொட்டு போதும். சண்டை வேண்டாம், மூஞ்சியைத் தூக்கவேண்டாம், மாமியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவேண்டாம். பசித்த பிள்ளைக்குப் பால் கொடுத்தவளை யார் என்ன சொல்லமுடியும்? நல்ல பெயர்கூடக் கிடைக்கும். நோன்புக்கு நிய்யத் வைக்கிறோமே, இன்ன நோன்பை இன்னதற்காக நோற்கிறேன் என்று, அந்த மாதிரி பரங்கிப்பேட்டை ஸ்டேஷன் தாண்டும்போது என் மனசுக்குள் தெளிவாக வைத்துக்கொண்டேன். அந்தக் குழந்தை பிழைக்கவேண்டும் என்று நான் நினைக்கவே இல்லையா என்றால், நினைத்தேன். இரண்டாவதாக நினைத்தேன்.

சிதம்பரம் வீட்டுக்குள் நுழைந்ததும் மகனை மாமி கையில் கொடுத்தேன். யாரையும் கேட்கவில்லை. தூளியிலிருந்து குழந்தையை எடுத்தேன். கோழிக்குஞ்சு மாதிரி இருந்தது. இடுப்பில் அந்த அரைஞாண் தொளதொளவென்று தொங்கியது. மூலையில் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தேன். முதலில் அதற்கு இழுக்கத் தெம்பில்லை. அப்புறம் பிடித்துக்கொண்டது. விடவே இல்லை.

கட்டிலில் கிடந்த நாத்தனார், "மச்சி" என்று ஒரு தரம் கூப்பிட்டுவிட்டு அழுதாள். மாமி என் முதுகைத் தடவிக்கொடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. காரியம் முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

மாமி மெதுவாக என் பக்கத்தில் குந்தினார். "நீ பயந்துடாத புள்ள. சம்பந்தம் போச்சேன்னு நெனைக்காத. ஒங்க ஊரு ஹனபி, ஒரு வாய் குடிச்சாலும் ஒங்களுக்கு உறவு. நாங்க ஷாபில்ல? எங்களுக்கு அஞ்சு தடவ, தனித்தனியா, வயிறு நெறைய குடிச்சாத்தான் கணக்கு. நாலு வரைக்கும் ஒண்ணும் ஆவாது."

ஹனபி, ஷாபி என்ற இரண்டு மத்ஹபுக்கும், மார்க்கச் சட்ட வழிகளுக்கும், தொழுகையில் கை கட்டுகிற இடத்தில்தான் வித்தியாசம் என்று அதுவரை நினைத்திருந்தேன். என் முகம் எப்படிப் போனதோ தெரியவில்லை. மாமி அதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டார். எழுந்துபோய்ப் புளிப்பானையிலிருந்து கொட்டைகளைப் பொறுக்கி வந்தார். சுவர் மாடத்தில் ஒரு கொட்டாங்கச்சியை வைத்து, அதில் ஒரு புளியங்கொட்டையைப் போட்டார். "இது ஒண்ணு. நாலு விழறதுக்குள்ள எம் மவன் டின் பாலோட வந்துடுவான். சம்பந்தமும் நிக்கும், புள்ளையும் பொழைக்கும்."

நாலை நீட்டி நீட்டிக் கொடுக்கவேண்டும் என்பது மாமியின் யோசனை. மகள் மயங்கிக் கிடந்த நேரத்தில் அவரே எல்லாவற்றையும் ஏற்பாடு பண்ணினார். காலையில் ஒன்று, சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்கு ஒன்று என்று. இடையில் பனங்கற்கண்டுத் தண்ணீர். பிறந்து ஒரு மாதம் ஆகாத சிசு அது. தண்ணீரைக் குடித்துவிட்டுப் பசியில் வாயைத் திறந்து திறந்து மூடும். பால் இருக்கிறவள் நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். அது அழும்போதெல்லாம் எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனையும். சேலையை இழுத்து மூடிக்கொள்வேன்.

"அழுவுதே மாமி, குடுத்துடுறேன், சம்பந்தம் போனா போவுது" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுதான் எனக்கும் வேண்டியது, குழந்தைக்கும் வேண்டியது. ஆனால் நானாகச் சொன்னேன் என்று தெரிந்தால் என் வீட்டுக்காரர் அந்த நிமிஷமே பிடித்துவிடுவார். மூஞ்சியில் எழுதியிருப்பதைப் படித்தவர் அவர். அவர்கள் வாயாலேயே கேட்கவேண்டும் என்று இருந்தேன். அவர்கள் சம்பந்தத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள், நான் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். நடுவில் அது அழுதுகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் நாலாவது கொட்டையும் விழுந்துவிட்டது. சாயங்கால வண்டியில் என் வீட்டுக்காரர் வருவதாகச் சேதி வந்தது, பாண்டிச்சேரியில் டின் பால் கிடைத்துவிட்டதாம். மாமி கொட்டாங்கச்சியைப் பார்த்து, "அல்லா காப்பாத்துனான்" என்றார். நான் வேறு கணக்குப் போட்டேன். நாலோடு என்னை வண்டி ஏற்றிவிடுவார்கள்.

மத்தியானம் லுஹர் தொழுகைக்கு மாமி உள் அறையில் நின்றார். என் மகன் பாயில் தூங்கினான். நாத்தனார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். குழந்தையும் அழுது ஓய்ந்து தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பவேண்டிய அவசியமே இல்லை. எழுப்பினேன். தூக்கும்போது தூளிக் கயிறு ஒரு முனகு முனகியது. நான் நின்று பார்த்தேன். நாத்தனார் அசையவில்லை.

உட்கார்ந்து கொடுத்தேன். தூக்கக் கலக்கத்தில் முதலில் சும்மா சப்பியது. அப்புறம் முழித்துக்கொண்டு மொடக்கு மொடக்கென்று குடித்தது. வயிறு நிறையவேண்டும், இல்லாவிட்டால் கணக்கில் வராது என்று நான் அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். பால் குடிக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் நான் கொடுத்தது என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். தானாக வாயை விட்டது. உதட்டோரம் நின்ற துளியை முந்தானையால் துடைத்துத் தூளியில் போட்டேன். உள்ளே மாமி சலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கிற சத்தம் கேட்டது.

மாடத்தில் கொட்டை போடவில்லை. வேண்டும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

என் வீட்டுக்காரர் இரண்டு டின்னோடு வந்தார். ஜட்கா வண்டிக்காரனிடம் பேசிவிட்டு வாசலிலேயே சிரித்தார். கரைத்துக் கொடுத்தோம். குழந்தை குடித்தது. மாமி டின்னுக்கு முத்தம் கொடுக்காத குறை. அன்று ராத்திரி அந்த வீட்டில் எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

விடிந்தபோது குழந்தைக்கு வயிறு போக ஆரம்பித்திருந்தது. ஓயவே இல்லை. கண் உள்ளே போய்விட்டது, உச்சிக் குழி பள்ளமாகிவிட்டது. அழுகைகூட நின்றுவிட்டது, வாய் மட்டும் திறக்கிறது, சத்தம் வரவில்லை. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டுக் கோபமாகச் சொன்னார்: "தாய்ப்பால் இருக்கிற பொம்பளைய வீட்டுல வச்சிக்கிட்டா டின்ன கரைச்சீங்க? இத தூக்கிப் போடுங்க. சும்மா சும்மா அந்தம்மா பால குடுங்க, தாங்கும்."

அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் மாமி என் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார். நான் பாயில் இருந்தேன், அவர் வெறுந்தரையில்.

"மவளே, எந்த வாயால ஒன்னைய கேக்குறதுன்னு தெரியல. அஞ்சாவதும் நீ குடுத்துட்டா ஒம் மவனுக்கு இவ தங்கச்சியாயிடுவா. நான் கட்டுன அரைஞாண நானே அவுத்துத் தந்துடுறேன். புள்ள பொழைக்கட்டும் தாயே."

என் வீட்டுக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் ஒன்னைய என்னென்னமோ பேசிட்டேன். ஒனக்கு என் தங்கச்சி மவள புடிக்கலைன்னேன். மன்னிச்சிக்க. எனக்கும் ஆசதான், என் தங்கச்சி மவ எம் வீட்டுக்கு வரணும்னு. இப்ப நானே சொல்றேன், அந்தப் பேச்ச விட்டுடுவோம். ஆனா ஒம் மவன் அவன். நீ மாட்டேன்னா ஒம் மேல தப்பில்ல."

அப்போது நான் செய்ததுதான் இத்தனை வருஷமும் என்னை விடவில்லை. ஆமாம் என்று உடனே கையை நீட்டவில்லை. பேசாமல் இருந்தேன். மூக்குத்தியைத் திருகிக்கொண்டு, ஏதோ பெரிய இழப்பை மனசில் தூக்கி நிறுத்துப் பார்க்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவர்கள் காத்திருந்தார்கள். வாய் திறந்தபடி அதுவும் காத்திருந்தது. அடுப்பில் பால் பொங்குகிற நேரம் இருக்கும். அப்புறம் சொன்னேன்:

"எம் மவனுக்கு இந்த ஒலகத்துல வேற பொண்ணா கெடைக்காது? உசுருதான் பெருசு. குடுங்க புள்ளைய."

மாமி என் இரண்டு கைகளையும் எடுத்து முத்தமிட்டார். வயதானவர், என் கையை. என் வீட்டுக்காரர் வாசல் பக்கம் போய்த் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. கட்டிலிலிருந்து நாத்தனார் என்னைப் பார்த்தாள்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. மாமி சொன்னபடி அரைஞாணை அவிழ்த்து என் மகன் இடுப்பில் திரும்பக் கட்டினார். நாத்தனாருக்கு நடக்கத் தெம்பு வந்ததும் எல்லாரும் கடலூருக்கு வந்துவிட்டோம், பால் மறக்கிற வரைக்கும் தாயும் பிள்ளையும் எங்களோடு இருப்பது என்று. ஒரு பக்கம் என் மகன், ஒரு பக்கம் அவள். தெருப் பெண்கள் அதைப் பார்ப்பதற்கென்றே வருவார்கள். சொந்த மகனுக்குப் பேசின பெண்ணையே மகளாக்கிக்கொண்டவள் என்று என்னைப் பற்றிப் பேச்சு. முதலில் கூசியது. கொஞ்ச நாளில் பழகிவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில், யாராவது வந்து அதைச் சொல்லாமல் போனால் குறையாக இருந்தது.

அந்த வருஷம் நோன்பு மாதத்தில் பெண்களுக்கு ஒரு பயான், மார்க்கப் பிரசங்கம், நடந்தது. திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஆலிம்சா நிய்யத்தைப் பற்றிப் பேசினார். பகல் முழுக்கப் பட்டினி கிடந்தாலும் நிய்யத் இல்லாவிட்டால் அது நோன்பு ஆகாது, வெறும் பட்டினிதான் என்றார். நான் மடியில் அவளை வைத்துக்கொண்டு கேட்டேன். அப்படியானால் நான் கொடுத்தது என்ன? பால் உறவுக்கு நிய்யத் வேண்டாம். எந்த எண்ணத்தோடு கொடுத்தாலும் வயிறு நிறைந்தால் பிள்ளை பிள்ளைதான். பிள்ளை வயிற்றுக்கும் நிய்யத் தெரியாது. எல்லாம் சரியாக நடந்திருக்கிறது. என் பங்கு மட்டும் வெறும் பட்டினியாக இருக்கிறது.

மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். யார்தான் தனக்கென்று இல்லாமல் ஒன்றைச் செய்கிறார்கள்? மாமி சம்பந்தத்துக்காகப் பேத்தியைக் கற்கண்டுத் தண்ணீரில் போட்டு வைக்கவில்லையா? நாலு கொட்டையும் அவருடைய ஆசைதானே? எல்லாரும் என் மாதிரித்தான் என்று சொல்லிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் விஷயத்தில் அது நிற்கவில்லை. வாசலில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அவர் அழுததற்குள் ஏதாவது ஒரு லாபம் ஒளிந்திருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன். தங்கை பிள்ளை, தன் ரத்தம், அதுவும் தனக்குத்தானே என்றுகூட வாதம் பண்ணினேன். ஆனால் அவர் ஆசைப்பட்டதை அவர் விட்டார். நான் ஆசைப்பட்டதை நான் எடுத்துக்கொண்டேன். ஊர் இரண்டையும் மாற்றி வைத்துப் பேசியது. அவரும் சேர்ந்து பேசினார். "நானாவது அழுதேன், அவ ஒரு சொட்டு கண்ணீரு விடலியே" என்று ஆட்களிடம் சொல்வார். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் காலையில் கிணற்றடியில் நானும் நாத்தனாரும் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுப் பெண் தண்ணீருக்கு வந்தவள் வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"அஞ்சாவது தடவ குடுக்கறப்ப ஒனக்கு மனசு எப்புடி இருந்திச்சி புள்ள? எனக்கா இருந்தா கையே வந்திருக்காது."

நான் சும்மா இருந்திருக்கலாம். "என்னா பண்றது? எம் மவனுக்கு ஒரு பொண்ணு போச்சி. ஆனா அல்லா முன்னாடி ஒரு உசுருக்குப் பதில் சொல்லணுமே, அத நெனச்சேன்" என்றேன். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "மகராசி" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

நாத்தனார் துணியை அலசிக்கொண்டே சிரித்தாள்.

"என்னாடி சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல மச்சி."

"சொல்லு."

"அவுங்க அஞ்சாவதுன்னாங்கல்ல? அது ஆறாவது ஆச்சே. அதான்."

கையிலிருந்த சோப்பு வழுக்கி ஓடையில் விழுந்தது. நான் அதை எடுக்கவில்லை.

"நான் தூங்கல மச்சி அன்னிக்கி. அந்தக் காச்சல்ல தூக்கம் எங்க வரும்? தூளிக் கயிறு சத்தம் கேட்டுச்சி. உம்மா தொழுவுறாங்க, வேற யாரு எடுப்பாங்க? அப்பறம் அவ முழுங்குற சத்தம். மொடக்கு மொடக்குன்னு. எம் புள்ள வயிறு நெறையக் குடிக்கிறத நான் நல்லா காது குளிரக் கேட்டது அன்னிக்கித்தான். சொவத்தப் பாத்துக்கிட்டே அழுதேன்."

"ஏன் நீ சொல்லல?" என்றேன்.

"சொன்னா என்னா ஆவும்? அண்ணன் ஒங்களத் திட்டும். நீங்க ரோஷக்காரி, மறு வண்டிக்குப் பொட்டியக் கட்டிடுவீங்க. எம் புள்ளைக்கு யாரு குடுப்பா? எனக்கு எம் புள்ள வேணும் மச்சி. நீங்க எதுக்குக் குடுத்தா எனக்கென்னா?"

குத்திக் காட்டுகிற குரலில் அவள் சொல்லவில்லை. சந்தையில் மீன் விலை சொல்கிற மாதிரி சொன்னாள். யாராவது என்றைக்காவது கேட்டால் என்ன சொல்வது என்று நான் எத்தனையோ பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன். எல்லாம் சண்டைக்கான பதில்கள். அவள் சண்டைக்கு வரவில்லை. நான் மூக்குத்தியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கட்டிலிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது. தன் பிள்ளை வாய் பிளந்து கிடக்கும்போது, ஏற்கனவே கொடுத்துவிட்ட ஒன்றை நான் புதிதாகத் தருகிற மாதிரி நடித்ததை அவள் வாய் திறக்காமல் பார்த்திருக்கிறாள். கிணற்றுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். நிமிர்ந்து அவளைப் பார்க்க முடியவில்லை. மன்னித்துக்கொள் என்ற வார்த்தை எனக்கு வரவும் இல்லை. அது என் வாய்க்குப் பழக்கமில்லாத வார்த்தை.

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. அப்புறம் துணியை முறுக்கிப் பிழிந்தாள்.

"அட விடுங்க மச்சி. அதெல்லாம் கணக்குலயே வராது. வாய வச்சதும் தூங்கிப்போயிட்டா அவ, நாந்தான் பாத்தனே. வயிறு எங்க நெறைஞ்சிச்சி? உம்மா வந்து கேட்டப்ப குடுத்தீங்க பாருங்க, அதான் அஞ்சாவது. ஊரு சொல்றது சரிதான்."

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் பார்த்தேன் என்கிறாள். முழுங்கின சத்தம் கேட்டு அழுதேன் என்று இப்போதுதான் சொன்னாள். குழந்தை தானாக வாயை விட்டதும், உதட்டில் துளி நின்றதும் எனக்குத் தெரியாதா? அவள் சொல்வது பொய் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் சொன்னாளா, பால் மறக்க இன்னும் மாதங்கள் இருக்கிறதே என்று சொன்னாளா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அவள் மௌத்தாகி அடக்கம் பண்ணி வருஷங்கள் ஆகின்றன. நான் கேட்கவில்லை. இல்லை, அது நிறையக் குடித்தது என்று நான் சொல்லவும் இல்லை. அவள் நீட்டியதை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குள் குழந்தை முழித்துக்கொண்டு அழுதது. பெண் குழந்தையின் அழுகைதான், என் மகன் அழுகை இல்லை. அந்த வித்தியாசம் எனக்கு அதற்குள் தெரிய ஆரம்பித்திருந்தது.

"எந்திரிச்சிட்டா, போங்க மச்சி" என்றாள் நாத்தனார்.

அவள் சொல்வதற்கு முன்னாலேயே என் ரவிக்கை நனைந்துவிட்டது. சோப்புக் கையைக்கூடக் கழுவவில்லை, சேலையில் துடைத்துக்கொண்டே போனேன். தூளியிலிருந்து எடுத்துக்கொண்டு பின்கட்டு வாசற்படி ஓரமாக உட்கார்ந்தேன். அது பிடித்துக்கொண்டது. மொடக்கு மொடக்கென்று குடிக்க ஆரம்பித்தது. நான் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முழுங்குகிற சத்தத்துக்குக் காது கொடுத்த மாதிரி, கிணற்றடியில் துணி துவைக்கிற சத்தம் நின்றது.